பசுமைப் பள்ளிச் சான்றிதழ்: இணைப்புக்கு முன்னும் பின்னும்

பள்ளிக் கட்டடங்களுக்கென்றே இயங்கிவந்த பசுமைச் சான்றிதழ்த் திட்டம் ஒன்று, எல்லா வகைக் கட்டடங்களுக்கும் சான்றளிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றோடு இணைக்கப்பட்ட காலத்தில், எங்கள் வடிவமைப்புக் குழு அதன் வாடிக்கையாளராக இருந்தது. முதல் பள்ளிக்கு இணைப்புக்கு முன்பே சான்றிதழ் பெற்று முடித்திருந்தோம். இரண்டாவது பள்ளியின் ஆவணங்கள் பாதி வழியில் இருந்தபோது இணைப்பு அறிவிக்கப்பட்டது. ஒரே சேவையைச் சிறிய கையிலிருந்தும் பெரிய கையிலிருந்தும் பெற்றுப் பார்க்க நேர்ந்ததால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் அவ்விரு அமைப்புகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். ஒப்பீட்டுக்காக மட்டும் பரவலாக அறியப்பட்ட சில திட்டங்களைப் பெயரோடு குறிப்பிடுகிறேன்.

சான்றிதழ் என்ற பெயரில் ஒரு பள்ளி நிர்வாகம் கட்டணம் செலுத்திப் பெறுவது இரண்டு பொருள்களை. ஒன்று, விதிநூல். மற்றொன்று, நம்முடைய வரைபடங்களையும் கணக்குகளையும் அந்த விதிநூலோடு ஒத்துப்பார்க்கும் வெளியாளின் கண். (வாசலில் மாட்டும் பலகையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) விதிநூலுக்குள்ளும் இரண்டு அடுக்குகள் உண்டு. கட்டாய நிபந்தனைகள் முதல் அடுக்கு. அவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் சான்றிதழ் கிடையாது. விரும்பினால் ஈட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டாம் அடுக்கு. எடுத்துக்காட்டாக, பசுமைக் கட்டடங்களுக்கான அமெரிக்கத் திட்டமான லீட் (LEED) மதிப்பீட்டின் 2009 பதிப்பில் மொத்தம் 110 புள்ளிகள். 40 பெற்றால் சான்றிதழ், 50-க்கு வெள்ளி, 60-க்குத் தங்கம், 80-க்குப் பிளாட்டினம். புள்ளிகளில் பேரம் பேசலாம்: மழைநீரில் விட்டதைச் சூரியத் தகட்டில் பிடித்துக்கொள்ளலாம். கட்டாய நிபந்தனையில் அந்தப் பேரம் செல்லாது. ஆகவே ஒரு பள்ளித் திட்டம் பெரிய அமைப்பொன்றுக்குள் செல்லும்போது நான் முதலில் பார்ப்பது, எந்தக் கட்டாய நிபந்தனை சத்தமில்லாமல் புள்ளியாக இறக்கப்பட்டது என்பதை. அடுத்து, மிஞ்சிய கட்டாய நிபந்தனைகளுக்கு என்ன ஆதாரம் கேட்கிறார்கள் என்பதை. இணைப்பைப் பற்றி எங்களுக்கு வந்த அறிவிப்புக் கடிதம் நான்கு பக்கம் இருந்தது. இந்த இரண்டைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை.

பள்ளிக்குத் தனி விதிநூல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுவது என் வழக்கம். காற்றோட்டத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஆஷ்ரே 62.1 தரநிலை, அலுவலகத்தில் 100 சதுர மீட்டருக்கு 5 பேர் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்பது வயதும் அதற்கு மேலும் ஆனோர் படிக்கும் வகுப்பறையில் அதே பரப்புக்கு 35 பேர். 65 சதுர மீட்டர் வகுப்பறையில் 30 மாணவர்கள் இருந்தால், ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டர், சதுர மீட்டருக்கு 0.6 லிட்டர் என்ற கணக்கில், நொடிக்கு 189 லிட்டர் வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். அதே அறையை மூன்று பேர் அமரும் அலுவலகமாக எடுத்துக்கொண்டால், அலுவலகத்துக்குரிய குறைந்த வீதத்தில், சுமார் 27 லிட்டர் போதும். நான்கு சுவர்களும் ஒன்றே. தேவைப்படும் காற்று ஏழு மடங்கு. அவ்வளவு காற்றைத் தள்ளும் இயந்திரம் எழுப்பும் இரைச்சலுக்கு நடுவேதான் ஆசிரியர் பேச வேண்டும். பள்ளிக் கட்டடத்தின் சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த முடிச்சிலிருந்து பிரிந்து செல்பவை.

இதை முதலில் உணர்ந்து தனித் திட்டம் வகுத்தவர்களில் கலிபோர்னியாவின் சிஎச்பிஎஸ் (CHPS) என்ற, உயர்செயல்திறன் பள்ளிகளுக்கான கூட்டமைப்பு முக்கியமானது. அந்த மாநிலத்தின் எரிசக்தி ஆணையம் 1999-இல் மின்வழங்கு நிறுவனங்களை அழைத்துப் பள்ளிகளின் மின்செலவைக் குறைப்பது பற்றிப் பேசத் தொடங்கியதில் அது பிறந்தது. பின்னர் இலாப நோக்கற்ற தனி அமைப்பாகி, வேறு மாநிலங்களுக்கும் பதிப்புகளை உருவாக்கியது. பெரிய அமைப்பு எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1993-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம், எல்லாக் கட்டடங்களுக்குமான லீட் மதிப்பீட்டை முதலில் வகுத்துவிட்டு, பள்ளிகளுக்கான லீட் பதிப்பை 2007-இல்தான் வெளியிட்டது. பள்ளியிலிருந்து தொடங்கியவர்களுக்கும் பள்ளிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை, எங்கள் அனுபவத்தில் இடம்பெற்ற அவ்விரு அமைப்புகளிலும் நான் கண்டேன்.

இனி சேவைக்கு வருகிறேன்.

இணைப்புக்கு முந்தைய திட்டத்தில் எங்கள் கோப்பைப் பார்த்தவர் ஒரே ஒரு மதிப்பீட்டாளர். பள்ளிக் கட்டடப் பராமரிப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். தொலைபேசியில் அழைத்தால் அவரே எடுப்பார். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வரும். கட்டி முடித்த வகுப்பறைக்கு நேரில் வந்து, மாணவர்கள் இல்லாத வேளையில் ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒலிமானியை நடு மேசையில் வைத்தார். ஒலிப் பொறியாளர் கணக்கிட்டுக் கொடுத்திருந்த பின்னணி இரைச்சல் 33 டெசிபல். மானி காட்டியது 41.

எட்டு டெசிபல் என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். வகுப்பறை ஒலிக்கான அமெரிக்கத் தரநிலையான அன்சி எஸ் 12.60, 2002-இல் வெளியானது. 283 கன மீட்டருக்கு மேற்படாத, ஆளில்லாத வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலையும் எதிர்முழக்க நேரம் (ஒலி நின்ற பின்னும் அறையில் அது தங்கி அடங்கும் நேரம்) 0.6 நொடியையும் தாண்டக்கூடாது என்பது அதன் விதி. 35 என்ற எண் சும்மா வந்ததன்று. சற்றே உயர்த்திய குரலில் பேசும் ஆசிரியரின் பேச்சு, ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 65 டெசிபல் இருக்கும். கடைசி வரிசைக்குச் செல்லும்போது அது 50 அளவுக்கு இறங்கிவிடும். பேச்சைச் சிரமமில்லாமல் பிரித்தறியக் குழந்தைகளுக்கு இரைச்சலைவிடப் பேச்சு 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். பாதிச் சொல் காதில் விழுந்தாலும் மீதியைப் பெரியவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். அந்தச் சொல்லையே முதன்முறையாகக் கேட்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு ஊகிக்க ஒன்றுமில்லை. 50-இலிருந்து 15-ஐக் கழித்தால் 35. எங்கள் அறையில் அந்த இடைவெளி 9 ஆகச் சுருங்கியிருந்தது.

காரணம் அற்பமானது. காற்றின் அளவைச் சமன்செய்யும் டேம்பரை ஒப்பந்ததாரர் காற்று வெளிவரும் வாய்க்கு மிக அருகில் பொருத்தி, அதைப் பாதி மூடியும் வைத்திருந்தார். இடுக்கில் பிதுங்கிய காற்று சீறியது. டேம்பரைக் குழாயில் பின்னோக்கி நகர்த்தி, இடைப்பட்ட பகுதிக்கு உள்ளுறை போட்டதும் மானி 34-க்கு இறங்கியது. ஒலிப் பொறியாளரின் கணக்கில் பிழை ஏதுமில்லை. வரைபடத்தில் டேம்பர் சரியான இடத்தில்தான் இருந்தது. வரைபடத்தை மட்டும் பார்க்கும் எந்த மதிப்பீட்டாளரும் இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இணைப்புக்குப் பிறகு வந்த விதிநூலிலும் 35 டெசிபல் கட்டாய நிபந்தனையாகவே இருந்தது. அதைக் கண்டு நிம்மதி அடைந்தேன். பின்னர்தான் ஆதாரப் பத்தியைப் படித்தேன். முன்பு ‘கட்டி முடித்த அறையில் அளந்த அறிக்கை’ என்றிருந்த இடத்தில் ‘அளந்த அறிக்கை அல்லது தகுதிபெற்ற பொறியாளரின் கணக்கீடு’ என்று மாறியிருந்தது. ‘அல்லது’ என்ற அந்த ஒரு சொல்லால், ஒலிமானியைத் தூக்கிக்கொண்டு வகுப்பறைக்குப் போக வேண்டிய தேவை அற்றுப்போனது. எந்தக் கட்டாய நிபந்தனையும் நீக்கப்படவில்லை என்று நிறுவனம் சொல்வது எழுத்தளவில் உண்மை. இரண்டாவது பள்ளியில் கணக்கீட்டைக் கொடுத்தோம். இரண்டே வாரத்தில் ஏற்பு வந்தது. மனம் கேட்காமல் எங்கள் செலவிலேயே அளந்து பார்த்தபோது, பதினெட்டு வகுப்பறைகளில் இரண்டு, 35-ஐத் தாண்டியிருந்தன. அவற்றைச் சரிசெய்தோம். ஏற்கெனவே கையில் கிடைத்துவிட்ட சான்றிதழுக்கு அந்த வேலையால் எந்த வேறுபாடும் ஏற்படவில்லை.

இதை வைத்துப் பெரிய அமைப்பு என்றாலே விதிகள் தளரும் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. பள்ளிகளுக்கான லீட் மதிப்பீட்டின் 2009 பதிப்பில் ஏசி இரைச்சலுக்கான கட்டாய வரம்பு 45 டெசிபல். 2013-இல் வந்த நான்காம் பதிப்பில் அது 40 ஆக இறக்கப்பட்டது. 35 என்பது புள்ளிக்கான இலக்காக வைக்கப்பட்டது. திசை சரியானது. ஆனால் கடைசி ஐந்து டெசிபல் அந்தப் பதிப்பிலும் பேரத்துக்குரிய பொருளாகவே இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

உறுதியாக மேம்பட்ட பகுதி, கட்டுமானப் பொருள்களின் சரிபார்ப்பு. பிளைவுட், தரைவிரிப்புப் பசை, வண்ணப்பூச்சு ஆகியவற்றிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு முதலிய ஆவிகளுக்குக் கலிபோர்னியப் பொதுச் சுகாதாரத் துறையின் சோதனை முறையே பல திட்டங்களுக்கு அடிப்படை. அதன்படி, மாதிரி வகுப்பறை ஒன்றின் பரிமாணங்களையும் காற்றோட்டத்தையும் வைத்துக் கணக்கிட்டால், பொருளிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு ஒரு கன மீட்டர் காற்றில் 9 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. விதி ஒன்றுதான்; சிக்கல், ஏற்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. சிறிய திட்டம் தன் பட்டியலைப் புதுப்பிக்க ஆளின்றி விட்டிருந்தது: தயாரிப்பு நின்றுபோன பசைகள் அதில் இருந்தன, சந்தையில் கிடைப்பவை இல்லை. முதல் பள்ளிக்காக ஒவ்வொரு பொருளின் சோதனை அறிக்கையையும் உற்பத்தியாளரிடம் கெஞ்சி வாங்கியதில் ஒரு பருவமே கழிந்தது. பெரிய நிறுவனத்தின் தரவுத்தளத்தில் பொருளின் பெயரைத் தட்டினால் அறிக்கை, அதன் காலாவதி நாள், மாற்றுப் பொருள்கள் எல்லாம் ஒரே திரையில் வருகின்றன. இந்த ஒரு வசதிக்காகவே இணைப்பை ஆதரிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் வாதிடுவதில்லை.

இன்னொரு நன்மை வெளியே அவ்வளவாகத் தெரியாதது. விதிநூல் என்பது எழுதிவைத்து மறந்துவிடும் பொருளன்று. 1999-இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, கலிபோர்னியாவின் கபிஸ்ட்ரானோ பள்ளி மாவட்டத்தில், பகல்வெளிச்சம் மிகுந்த வகுப்பறைகளின் மாணவர்கள் ஓராண்டில் கணிதத்தில் 20 சதவீதமும் வாசிப்பில் 26 சதவீதமும் விரைவாக முன்னேறியதாகச் சொன்னது. வகுப்பறையில் பகல்வெளிச்சத்துக்காக வாதாடுபவர்கள் அந்த எண்களை இன்றும் ஏந்திச் செல்கிறார்கள். அதே ஆய்வுக்குழு 2003-இல் பிரெஸ்னோவில் மீண்டும் பார்த்தபோது அந்த அளவு விளைவு தென்படவில்லை. சன்னலுக்கு வெளியே கிடைக்கும் காட்சியும், கண்ணைக் கூசவைக்கும் வெயிலைத் தடுப்பதும் முக்கியம் என்று தெரிந்தது. இத்தகைய திருத்தத்தைப் படித்து, விவாதித்து, விதியை மாற்றி எழுதுவதற்கு ஆளும் காலமும் பணமும் வேண்டும். எங்கள் சிறிய திட்டத்தின் பகல்வெளிச்ச விதி பழைய நம்பிக்கையிலேயே நின்றிருந்தது: கண்ணாடி கூடக் கூடப் புள்ளி. இணைப்புக்குப் பிறகு வந்த விதி, கூசலுக்கு வரம்பு வைத்து, சாளரத் திரைகளையும் கணக்கில் சேர்த்தது. வெயில் மிகுந்த இடங்களில் பள்ளி கட்டுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வாடிக்கையாளர் சேவையில் வரவும் செலவும் கலந்தே இருக்கின்றன. சிறிய திட்டத்தின் மதிப்பீட்டாளர் நோய்வாய்ப்பட்டபோது எங்கள் கோப்பு ஏழு வாரம் அசையவில்லை. அவருக்கு மாற்று ஆள் இல்லை. அவருடைய முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடும் அவரிடமேதான் செய்ய வேண்டியிருந்தது. பெரிய நிறுவனத்தில் இரண்டு மதிப்பீட்டாளர்கள், முறையான மேல்முறையீடு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள் வரம்பு எல்லாம் உண்டு. நாள் வரம்பை அவர்கள் ஒருமுறைகூடத் தாண்டவில்லை. ஆனால் எங்களுக்கு அமைந்த மதிப்பீட்டாளர்கள் பள்ளியை அறியாதவர்கள். மின்பயன்பாட்டுக் கணிப்பில் ஆண்டின் இரண்டு மாதங்கள் மட்டும் மிகக் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, உள்ளீட்டில் பிழை இருக்கிறதா என்று கேட்டு எழுதினார்கள். அவை கோடை விடுமுறை மாதங்கள் என்று பதில் எழுதினோம். அதற்குப் பள்ளி நாட்காட்டியைச் சான்றாக இணைக்கச் சொன்னார்கள். இணைத்தோம்.

இதைவிட மனத்தை வருத்தியது முதல் பள்ளிக்கு நேர்ந்தது. இணைப்புக்குப் பின், சான்றிதழ் பெற்ற பள்ளிகளைக் காட்டிய பழைய திட்டத்தின் பொதுப் பட்டியல் நீக்கப்பட்டது. புதிய பட்டியலில் பழைய சான்றிதழ்கள் ஏற்றப்படவில்லை. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர் ஒருவர் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியொரு சான்றிதழே இல்லையே என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறார். உழைத்துப் பெற்ற சான்றிதழுக்காகத் தலைமையாசிரியர் சங்கடப்பட நேர்ந்தது. ஐந்து மாத மின்னஞ்சல்களுக்குப் பிறகே பெயர் ஏறியது. அதுவும் ‘மரபுத் திட்டம்’ என்ற துணைத்தலைப்பின் கீழ், வாரிசில்லாத சொத்தைப் போல.

பாதி வழியில் இருந்த கட்டடங்களைப் பழைய விதிநூலிலேயே முடித்துக்கொள்ள அவகாசம் கொடுத்தது சரியான செயல். கட்டணம் பரப்பளவுக் கணக்குக்கு மாறியதால் சிறிய பள்ளிகளுக்குக் குறைந்தது, பெரிய வளாகங்களுக்குக் கூடியது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி, இத்தகைய இணைப்புகள் நீண்ட காலத்தில் என்ன ஆகின்றன என்பதற்குப் பள்ளிக்கு வெளியே இரண்டு முன்னுதாரணங்களைப் பார்க்கலாம். நிலத்தோற்ற வடிவமைப்புக்கான சைட்ஸ் சான்றிதழை, அமெரிக்க நிலத்தோற்ற வடிவமைப்பாளர் சங்கமும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்டுமலர் மையமும், அமெரிக்கத் தாவரவியல் பூங்காவும் சேர்ந்து உருவாக்கின. 2015-இல் அது லீட் சான்றிதழை வழங்கும் ஜிபிசிஐ அமைப்பின் கைக்குச் சென்றது. சென்ற பிறகும் தன் பெயரையும் தனி விதிநூலையும் தக்கவைத்துக்கொண்டது. அதை எடுத்து லீட் மதிப்பீட்டின் ஓர் அத்தியாயமாகத் தைத்துவிடவில்லை. இரண்டாவது, கட்டடச் சொத்துகளில் முதலீடு செய்வோருக்கான கிரெஸ்ப் மதிப்பீடு. 2014-இல் அதே குடும்பத்துக்குள் வந்த அது, 2020-இல் வெளியேறியது. வெளியேறும்போது, தரநிலைகளை வகுக்கும் பொறுப்பை இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றிடமும் மதிப்பீட்டு வணிகத்தைத் தனி நிறுவனத்திடமும் பிரித்துக்கொடுத்தார்கள். விதிநூலை எழுதும் கையும் கட்டணம் வாங்கும் கையும் ஒன்றாக இருக்கலாமா என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அது.

எங்கள் பள்ளித் திட்டத்தின் இணைப்பில் எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறை இந்த இடத்தில்தான். முன்பு விதிகளைத் திருத்தும் குழுவில் ஆசிரியர்களும் பள்ளிப் பராமரிப்பாளர்களும் வாக்குரிமையோடு இருந்தார்கள். இப்போது அவர்கள் ‘ஆலோசனைக் குழு’. அலுவலகம், மருத்துவமனை, கிடங்கு என எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கும் தொழில்நுட்பக் குழுவுக்கு அவர்கள் பரிந்துரைக்கலாம்; வாக்களிக்க முடியாது. ஆதாரப் பத்தியில் அந்த ‘அல்லது’ நுழைந்ததும் அந்தக் குழுவில்தான். கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் கணக்கீடு போதும் என்பது நியாயமான வாதம். எல்லா வகைக் கட்டடங்களுக்கும் ஒரே நடைமுறை இருந்தால் வேலை எளிது என்பதும் நியாயந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் சார்பில் எதிர்த்து வாக்களிக்க அங்கே யாரும் இல்லை என்பது மட்டுமே சிக்கல்.

முதன்முறையாகச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் பள்ளிகளுக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன். பொருள் தரவுத்தளமும் நாள் ஒழுங்கும் மேல்முறையீடும் அந்த அளவுக்குப் பயனுள்ளவை. ஆனால் பதிவுக்கு முன், பழைய விதிநூலையும் புதியதையும் அருகருகே வைத்து, கட்டாய நிபந்தனைகளின் ஆதாரப் பத்திகளை மட்டுமாவது வரிவரியாகப் படிக்க வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஏற்கெனவே பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள், பட்டியலில் தங்கள் பெயர் தொடருமா என்பதை இணைப்பு நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எங்கள் மூன்றாவது பள்ளியையும் அதே நிறுவனத்தில்தான் பதிவுசெய்திருக்கிறோம். ஏசி ஒப்பந்தத்தில் மட்டும் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தோம்: ஒவ்வொரு வகுப்பறையிலும், ஆளில்லாத வேளையில், ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஒலிமானி 35-க்கு மேல் காட்டினால் இறுதித் தவணை நிறுத்திவைக்கப்படும். ஒப்பந்ததாரர் அதைப் படித்துவிட்டு, சான்றிதழுக்கு இது தேவையில்லையே என்றார். தேவையில்லைதான் என்று ஒப்புக்கொண்டு, கையெழுத்துக்கான இடத்தைக் காட்டினோம்.